பியானோ தெரியும், ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கச் சரி என்று சொல்லிவிட்டேன். எங்கே தொடங்குவது?

புதுப்பெடல்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. பள்ளிக் காலத்தில் எட்டு வருடம் பியானோ கற்றேன், வேலைக்குப் போனதும் விட்டுப்போனது, இப்போது வீட்டில் ஒரு கீபோர்டில் மட்டும் வாசிக்கிறேன். எங்கள் ஆலயத்தில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆர்கன் வாசித்துவரும் ஐயாவுக்கு விரல் மூட்டுகளில் வலி கூடிக்கொண்டே போகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வருடம் சமாளிப்பேன்மா, அதற்குள் நீ கற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டார். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். கீபோர்டு இல்லை, நிஜமான பைப் ஆர்கன், கைக்கு இரண்டு வரிசை, காலுக்கு முழு பெடல்.

போன வெள்ளிக்கிழமை மாலை சாவி வாங்கிக்கொண்டு முதன்முறையாகத் தனியாக உட்கார்ந்தேன். பியானோவில் புத்தகம் பார்க்காமலே சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு பாகத்தோடும் வாசிக்கிற ஒரு ஞானப்பாட்டைத்தான் எடுத்தேன். எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று வந்தது, மெட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நடுவில் வலது கால் பழக்கத்தில் பியானோவில் சுரத்தை நீட்டிப் பிடிக்கிற சஸ்டெயின் பெடலைத் தேடிப்போய் ஒரு பேஸ் கட்டையை மிதித்துவிட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டுக்கு வந்து அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இந்த வயதில் கால் பழகுமா? ஒரு வருடம் போதுமா? வாரத்தில் இரண்டு நாள்தான் சாவி கிடைக்கும், வீட்டில் பெடல் கிடையாது, அப்படியிருக்க எதை முதலில் பிடித்துக்கொள்வது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


எட்டடிக்குழல்:

சகோதரி, 27 வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன், அதில் கடைசிப் பத்து வருடம் ஆட்களைப் பழக்கிவிடவும் செய்கிறேன். வயதைப் பற்றிய கவலையை இப்போதே விட்டுவிடுங்கள். எட்டு வருடப் பியானோ கையில் இருந்தால் ஒரு வருடத்தில் ஓர் ஆராதனைக்கு வேண்டிய நான்கைந்து பாட்டுகளைச் சபை பாடும்படி வாசிக்க முடியும். பெரிய கச்சேரி உருப்படிகள் வேறு கதை, அதை யாரும் இப்போது உங்களிடம் கேட்கவில்லை.

முதலில் அந்தக் கொழகொழப்பு. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியில் பட்டு, அந்த நொடியிலிருந்தே ஒலி தேய ஆரம்பிக்கிறது. ஆர்கனில் கட்டையை அழுத்தினால் குழலுக்கு அடியில் ஒரு மூடி திறந்து காற்று உள்ளே போகிறது, நீங்கள் விரலை எடுக்கும்வரை முதலில் இருந்த அதே அளவில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஓங்கி அழுத்தினாலும் சத்தம் அதிகமாகாது. அதனால் பியானோவில் அழுத்தும்போது காட்டுகிற கவனத்தை இங்கே விரலை எடுக்கும்போது காட்ட வேண்டும். ஒரு சுரம் தாளத்தில் கனமாக விழ வேண்டுமென்றால் அதற்கு முந்தைய சுரத்தைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிடுங்கள், அந்தக் கணநேர மௌனம்தான் கேட்பவருக்கு அழுத்தமாகத் தெரியும். இதை யாராவது உட்கார்ந்து சொல்லித்தரும்வரை நானும் மூன்று வருடம் எதையும் விடாமல் பிடித்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

மெட்டில் ஒரே சுரம் இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் தெளிவாக விட்டு மறுபடி அடியுங்கள். ஒரு தட்டு நீளமுள்ள சுரம் என்றால் அரைத் தட்டு பிடித்து, மீதி அரைத் தட்டு கையைக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். பழகப் பழக அந்த மௌனம் தானாகக் குறுகிவிடும், தொடக்கத்தில் இப்படிக் கறாராக எண்ணித்தான் செய்ய வேண்டும். அதே நேரத்தில் ஆல்டோவிலோ டெனரிலோ சுரம் திரும்பி வந்தால் அதைப் பிடித்தே வைத்திருக்கலாம். நான்கு பாகத்தையும் ஒவ்வொரு தட்டுக்கும் மறுபடி அடித்தால் சுத்தியலால் ஆணி அடிப்பதுபோல் இருக்கும், எதையுமே மறுபடி அடிக்காவிட்டால் சபையாருக்குத் தாளம் தெரியாது. எந்தப் பாகத்தை விடுவது, எதைப் பிடிப்பது என்று பென்சிலால் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் குறித்துக்கொள்கிறேன்.

சஸ்டெயின் இல்லாத குறையை விரல் மாற்றித்தான் சரிக்கட்ட வேண்டும். நாலாம் விரலால் ஒரு கட்டையை அழுத்தி, சத்தம் அறுபடாமல் அதன் மேலேயே ஐந்தாம் விரலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாலாம் விரலை அடுத்த கட்டைக்கு அனுப்புவது. இதை வீட்டுக் கீபோர்டிலேயே பழகலாம், அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தத்தை மாற்றுகிற டச் சென்ஸ் என்ற வசதியை அணைத்துவிட்டு ஆர்கன் சத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கால். பெடலில் பெரும்பாலும் 30 அல்லது 32 கட்டைகள் இருக்கும். குனிந்து பார்க்கவே கூடாது, பார்த்தால் உடம்பு முன்னால் சாயும், கால் கனத்துப்போகும். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்கின்றன அல்லவா, அந்தக் கூட்டங்களுக்கு நடுவே அகலமான சந்து இருக்கும். கால் கட்டைவிரல் பக்கத்தை மெல்ல உள்ளே கொண்டுபோனால் சந்தின் ஓரம் தட்டுப்படும், எந்தச் சுரத்தின்மேல் நிற்கிறீர்கள் என்று அதை வைத்தே தெரிந்துவிடும். முதல் வாரம் முழுக்க எதையும் ஒலிக்கவிடாமல் இந்தச் சந்துகளைத் தேடுவது மட்டும் செய்தாலும் நல்லது.

அப்புறம் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, பேஸ் பாகத்தைக் காலால் மட்டும் வாசியுங்கள். அது வந்த பிறகு இடது கையில் டெனரை மட்டும் காலோடு சேருங்கள். இதுதான் இந்த வேலையிலேயே கடினமான இடம். பியானோ படித்த எல்லாருக்கும் இடது கைதான் பேஸ் என்று மூளையில் பதிந்துபோயிருக்கும், கால் கீழே இறங்கினால் கையும் கூடவே இறங்கப் பார்க்கும். பாதி வேகம்கூட வேண்டாம், தட்டுக்குத் தட்டு நின்று நின்று போங்கள், தப்பு வராத வேகம் எதுவோ அதுதான் சரியான வேகம். அது அமைந்தால் வலது கையும் காலும், கடைசியில் எல்லாம் சேர்த்து. சாவி கிடைக்கும் இரண்டு நாளையும் இடது கை-கால் சேர்க்கைக்கே கொடுத்துவிடுங்கள். மற்ற நாட்களில் வீட்டில் இடது கையில் டெனர் வாசித்துக்கொண்டே வாயால் பேஸைப் பாடுங்கள், காலை வெறும் தரையில் அசையுங்கள்.

செருப்போடும் ரப்பர் அடி ஷூவோடும் போகாதீர்கள். அடி மெல்லிசாக, வழுக்கிப் போகிற தோலாக, கொஞ்சம் குதிகால் உயரத்தோடு, குறுகலாக ஒரு ஜோடி வேண்டும், அதைத் தெருவில் போடாமல் ஆர்கனுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மண்ணும் பொடிக்கல்லும் கட்டைகளைத் தேய்த்துவிடும்.


மூன்றாம்_பெஞ்ச்:

நான் ஆர்கன் வாசிப்பவள் இல்லை, கொயரில் ஆல்டோ பாடுகிறேன், பாடுகிறவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா. எங்களுக்கு வேண்டியது மூச்சு விட இடம். வரி முடியும் இடத்தில் வாசிப்பவரும் கையை எடுத்தால் நாங்கள் சேர்ந்து மூச்சு வாங்கிச் சேர்ந்து தொடங்குவோம், அங்கே சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தால் பாதிப் பேர் முந்துவார்கள், பாதிப் பேர் பிந்துவார்கள். எங்கள் பழைய ஆர்கனிஸ்ட் அம்மா வாசிக்கும்போது எல்லாச் சரணத்தையும் வாய்க்குள் பாடிக்கொண்டேதான் வாசிப்பார், அவருக்கு மூச்சு முட்டும் இடத்தில் எங்களுக்கும் முட்டும், அதனால் அவர் கை தானாக எழும். வார்த்தை வேறாவதால் சில சரணத்தில் மூச்சு விடும் இடமும் மாறும் என்பதை அவரிடம்தான் கவனித்தேன். அக்கா, சுரத்தாளை மட்டும் பார்க்காமல் பாட்டின் வரிகளையும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.


தாமதமாய்_வந்தவன்:

நான் 41 வயதில் தொடங்கினேன், இப்போது மூன்றாவது வருடம். எட்டடிக்குழல் அண்ணா சொன்ன இடது கை-கால் சண்டை எனக்கு ஐந்து மாதம் நடந்தது. ஒரு நாள் மாலை ஒரே ஒரு பாட்டின் இரண்டாவது வரியில் கால் மேலே போக, இடது கை கீழே வந்தது, இரண்டும் தன் பாட்டில் போனதை நான் உட்கார்ந்து கேட்டேன். அடுத்த வரியில் மறுபடி குழம்பியது, ஆனால் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அக்காவுக்கு என் யோசனை, ஒரு வருடம் கழித்து மொத்தமாகப் பொறுப்பேற்கக் காத்திருக்காதீர்கள். அந்த ஐயா இருக்கும்போதே மூன்றாவது மாதத்தில் ஒரு ஆராதனையில் ஒரே ஒரு பாட்டு, மற்றதெல்லாம் அவர். கால் தயாராகவில்லை என்றால் பெடலைத் தொடாமல் நான்கு பாகத்தையும் கையிலேயே வாசியுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். காலைச் சரியில்லாமல் சேர்த்தால்தான் பேஸ் தப்பாகி மொத்தக் கூட்டமும் தடுமாறும். தப்பான சுரத்தைத் திருத்தத் திரும்பிப் போகவே கூடாது, பியானோவில் தனியாகப் பழகும்போது வருகிற கெட்ட பழக்கம் அது. விழுந்தால் விழட்டும், அடுத்த தட்டில் இருங்கள்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இன்னும் மனதை உறுத்துகிறது. ஓர் அடக்க ஆராதனையில் நான்காவது சரணம் முடிந்ததும் பாட்டு முடிந்தது என்று நினைத்து முடித்துவிட்டேன். ஐந்தாவது சரணம்தான் இறந்துபோனவருக்குப் பிடித்தது என்று குடும்பம் சொல்லிக் கேட்டிருந்த சரணம். சிலர் பாடத் தொடங்கி, ஆர்கன் இல்லாமல் நின்றுவிட்டார்கள். நான் மறுபடி பிடிப்பதற்குள் ஆயர் ஜெபத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு: எண், மெட்டு, எத்தனை சரணம், எது விடுபடும், கடைசியில் ஆமென் உண்டா. சரணம் முடிய முடியச் சீட்டில் உள்ள கோட்டின்மேல் பென்சிலை நகர்த்திவைப்பேன். பாட்டுப் பட்டியல் வியாழக்கிழமைக்குள் கையில் வர வேண்டும் என்று ஆயரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், ஞாயிறு காலையில் பாட்டை மாற்றுவது வாசிப்பவருக்கு என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.


புதுப்பெடல்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. செருப்பில்தான் போயிருந்தேன், அதனால்தான் கட்டை தட்டுப்படவே இல்லை போலிருக்கிறது.

இன்னும் மூன்று விஷயம். நேற்று ஐயா பக்கத்தில் நிற்க, கொயர் பயிற்சியில் ஒரு பாட்டு வாசித்துப் பார்த்தேன். கொயர் ஆலயத்தின் அந்தக் கோடியில் நிற்கிறது, அவர்கள் பிந்துகிறார்கள் என்று நான் மெதுவாக்க, அவர்கள் இன்னும் மெதுவாக, மூன்றாவது சரணத்தில் பாட்டு கிட்டத்தட்ட நின்றேவிட்டது. என்ன செய்வது? எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்று இழுத்துத் தேர்ந்தெடுக்கிற ஸ்டாப்களில் 8, 4, 2, 16 என்று போட்டிருக்கிறது, எதை எப்போது இழுப்பது? காணிக்கை எடுத்து முடிவதற்குள் பாட்டு முடிந்துவிட்டால் ஐயா தானாக ஏதோ வாசித்து நிரப்புவார், அதை எப்படிக் கற்பது?


எட்டடிக்குழல்:

மெதுவாகிப் போனதற்குக் காரணம் தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அவர்கள் 34 மீட்டர் தள்ளி நின்றால் உங்கள் சத்தம் அவர்களை அடைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அவர்கள் குரல் உங்களிடம் திரும்ப இன்னொரு பங்கு. அவர்கள் உங்களோடு துல்லியமாகப் பாடினாலும் உங்கள் காதுக்கு அது கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிந்தித்தான் கேட்கும். நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் அது ஒரு தட்டில் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தால், அவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஆகவே உள்ளே எண்ணிக்கொண்டிருக்கிற தாளத்தை விடாதீர்கள், காதில் விழுவது பிந்தட்டும். சத்தத்தைக் கூட்டி அவர்களை இழுக்கப் பார்க்கவும் வேண்டாம், சுரங்களை இன்னும் கொஞ்சம் பிரித்து வாசித்தால் அவர்களே முன்னால் வருவார்கள். பாட்டுக்கு முன்னால் வாசிக்கும் அறிமுக வரியும் பாடப்போகிற அதே வேகத்தில் இருக்க வேண்டும், அதன் முடிவில் வேகத்தைத் தளர்த்தினால் கூட்டம் தளர்ந்த வேகத்தையே பிடித்துக்கொள்ளும்.

ஸ்டாப்: 8 என்றால் பியானோவில் எழுதியிருக்கும் அதே சுரம் ஒலிக்கும், கீழ்க்கோடி சி-யின் திறந்த குழல் சுமார் எட்டு அடி நீளம், பெயர் அதிலிருந்து வந்தது. 4 ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே, 2 இரண்டு ஆக்டேவ் மேலே, 16 ஓர் ஆக்டேவ் கீழே. சபை பாடுவதற்கு ஆர்கனுக்கே உரிய அடிப்படைக் குழல்களான பிரின்சிபல் வகையில் ஒரு 8, ஒரு 4, அதுதான் அடித்தளம். காலில் 16-ம் 8-ம் சேர்த்து. கடைசிச் சரணத்துக்கு 2-ஐயும், ஒரே கட்டைக்குப் பல உச்சக் குழல்கள் சேர்ந்து ஒலிக்கிற மிக்ஸ்சர் இருந்தால் அதையும் சேருங்கள். கைக்கு 16 போட வேண்டாம், கலங்கிப்போகும். ட்ரெமுலன்ட் என்ற நடுக்கம் சபைப் பாட்டில் கூடவே கூடாது, பாடுகிறவர் சுருதி பிடிக்க முடியாது. பிறகு ஒரு நாள் யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேளுங்கள், பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதும் அங்கே கேட்பதும் ஒன்றாக இருக்காது.

நிரப்புவது பற்றி. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இளைஞராக 1703-இல் 18 வயதில் ஆர்ன்ஷ்டாட் நகரத்து ஆலயத்தில் ஆர்கனிஸ்ட் ஆனார். 1705-இல் லூபெக் நகரத்துப் புகழ்பெற்ற ஆர்கனிஸ்ட் பக்ஸ்டஹூட வாசிப்பதைக் கேட்க நான்கு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு சுமார் 400 கிலோமீட்டர் நடந்து லூபெக் போனவர், நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். 1706 பிப்ரவரியில் சபை நிர்வாகம் அவரை விசாரித்தது: பாட்டுக்குள் புதுமையான சுரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறார் என்று குற்றச்சாட்டு. முகவுரை வாசிப்பு நீளமாக இருக்கிறது என்று முன்பு சொன்னதற்கு உடனே மிகவும் குட்டையாக்கிவிட்டார் என்பதும் அந்த விசாரணைப் பதிவில் இருக்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு அலங்காரம் என்பதை அவரே இப்படித் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்தார் என்று படித்தபோது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

நீங்கள் எளிதாகத் தொடங்குங்கள். பாடி முடித்த பாட்டின் கடைசி வரியை மறுபடி மெதுவாக, ஒரே ஒரு ஃப்ளூட் 8-இல் வாசியுங்கள். பிறகு அதே வரியின் மெட்டை வலது கையில் தனியாக, இடது கையில் நீண்ட இரண்டு சுரம். அடுத்து டெனரில் மெட்டு. இந்த மூன்றும் சுற்றிவந்தாலே இரண்டு நிமிடம் ஓடிவிடும். எங்கே வேண்டுமானாலும் முடிக்கிற மாதிரி ஒரு சின்ன முடிவை எல்லா முக்கிய சுருதிகளிலும் தயாராக வைத்திருங்கள், ஆயர் எழுந்து நிற்பதைக் கண்ணாடியில் பார்த்ததும் அந்த முடிவுக்கு இறங்கலாம். பெஞ்சுக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.


வலதுகை_டெனர்:

பாடத்திட்டம் வேண்டுமானால் லண்டனில் 1864-இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், 1896-இல் தொடங்கிய அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் இரண்டும் என்னென்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். பட்டம் வாங்குவது உங்கள் விருப்பம். உருப்படிகளோடு, பாட்டை வேறு சுருதிக்கு மாற்றி வாசிப்பது, மெட்டு மட்டும் கொடுத்தால் ஹார்மனி சேர்ப்பது என்றும் சோதிக்கிறார்கள், ஆலயத்தில் அன்றாடம் தேவைப்படுவது இதுதான். சபை காலை நேரத்தில் உச்ச சுரத்தை எட்டவில்லை என்றால் ஒரு முழுச் சுரம் இறக்கி வாசிக்கத் தெரிந்திருப்பது எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

உருப்படிக்கு, பாக் எழுதியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு இப்போது சந்தேகிக்கப்படும் எட்டுச் சிறு பிரிலூட்-ஃப்யூக்குகளில் ஒன்றை ஆறு மாதம் கழித்து எடுங்கள். பாக்கின் ஓர்கல்பூஷ்லைன் முதல் பக்கத்திலேயே தொடக்கநிலை ஆர்கனிஸ்டுக்கு என்றுதான் எழுதியிருக்கும், 164 பாட்டுக்குத் திட்டமிட்டு 46 மட்டும் எழுதிய தொகுப்பு அது. அதை நம்பி முதல் வருடமே திறக்காதீர்கள், பெடல் பாகம் அப்படி இருக்கும். இரண்டாம் வருடத்தில் தவறாமல் திறந்துவிடுங்கள்.


தாமதமாய்_வந்தவன்:

பைப் ஆர்கன் என்பதால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் அக்கா, எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. சில நாள் விரலை எடுத்த பிறகும் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், சைஃபர் என்பார்கள், தூசியோ ஈரப்பதமோ உள்ளே மூடியைச் சரியாக மூடவிடாமல் செய்திருக்கும். பதறாதீர்கள். அந்தக் கட்டையை இரண்டு மூன்று தடவை சட்டென்று தட்டிவிடுங்கள். நிற்காவிட்டால் போட்டிருக்கும் ஸ்டாப்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள், எதைத் தள்ளும்போது அந்தச் சத்தம் நிற்கிறதோ அந்த ஸ்டாப் இல்லாமல் அன்றைய ஆராதனையை முடித்துவிடலாம். அந்த வரிசையில் எந்த ஸ்டாப்பை இழுத்தாலும் அந்தச் சுரம் ஒலிக்கிறது என்றால், அதன் ஸ்டாப்களை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு மற்ற வரிசைக்கு மாறிவிடுங்கள்.

வெயில் ஏறினால், உள்ளே ஒரு உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கிற ரீட் வகை ஸ்டாப்கள் (ட்ரம்பெட் போன்றவை) சுருதி விலகிக் கேட்கும். ஒரு டிகிரிக்கு சுமார் 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறுவது உண்மையில் மற்றக் குழல்கள்தான், ரீட் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். பத்து டிகிரி ஏறினால் அரைச் சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விலகல். அந்த மாதிரி நாளில் ட்ரம்பெட்டை இழுக்காமல் விட்டுவிடுங்கள், யாரையும் கூப்பிட்டு ரீட்டைத் திருகவும் வேண்டாம், குளிர்ந்ததும் தானாகச் சேர்ந்துவிடும்.

பெஞ்சின் உயரத்தை ஐயா தனக்கு வைத்திருப்பார், அடியில் மரக்கட்டை கொடுத்திருக்கிறாரா என்று பார்த்து உங்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கால் நுனியும் கட்டையை அழுத்தாமல் மேலே லேசாக உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் உங்கள் உயரம். முடித்துவிட்டு மறுபடி அவர் உயரத்துக்கே வைத்துவிட்டு வாருங்கள்.